'இடியட்' என்னும் வசைச்சொல்

மட்டாஞ்சேரி கடைவீதியில் தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி எனப் பல மொழிகள் வழங்குகின்றன. ஆனால் மூட்டையைக் கிடங்கு மாறி இறக்கிவிட்ட பையனைத் திட்டும்போது, எம்மொழிக்காரர் வாயிலும் எளிதில் வருவது 'இடியட்' என்ற ஆங்கிலச் சொல்தான். கணக்கில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் பட்டமும் அதுவே. 'முட்டாள்' என்றால் உறைக்கும், ஆங்கிலத்தில் சொன்னால் அவ்வளவு உறைக்காது என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அச்சொல்லின் வரலாறு தெரிந்தால் அப்படி எண்ணமாட்டார்கள்.

கிரேக்க மொழியில் 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'இடியோட்டேஸ்', பொதுப்பதவி வகிக்காத சாதாரணக் குடிமகனைக் குறித்தது. பின்பு தொழிற்பயிற்சி இல்லாதவனையும் குறித்தது. லத்தீனில் அது கல்லாதவன் ஆயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து அறிவிலி என்று நிலைத்தது. பதவியும் படிப்பும் இல்லாதவனுக்கு அறிவும் இராது என்று உலகம் முடிவு கட்டியதன் விளைவே இப்பொருள் மாற்றம் எனலாம்.

அதன்பின் நேர்ந்தது இன்னும் கொடுமை. பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவரை ஆங்கிலேயச் சட்டம் இச்சொல்லால் குறித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளவியலாளர் சிலர், மனவயது 3க்கும் குறைந்தோரை 'இடியட்' என்றும், 3 முதல் 7 வரை உள்ளோரை 'இம்பெசில்' என்றும் வகுத்தனர். அதற்கு மேல் 12 வரை உள்ளோருக்காக 'மோரான்' என்ற சொல்லை 1910இல் அமெரிக்கரான ஹென்றி கோடார்ட் புதிதாகப் படைத்தார். இம்முத்திரைகள் ஏட்டோடு நிற்கவில்லை. அறிவு குன்றியவர் என்று முத்திரையிடப்பட்ட கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய 1927இல் அமெரிக்க உச்சநீதிமன்றமே அனுமதி அளித்தது.

இந்தியாவிலும் 1912ஆம் ஆண்டு லூனசி சட்டத்தில் 'இடியட்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. 1987இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் அப்பழைய சட்டத்தை அகற்றியது. 'அறிவுசார் குறைபாடு' என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கண்ணியமாகக் கூறுகிறது. சட்டம் கைவிட்ட சொல்லைக் கடையும் வீடும் இன்னும் கைவிடவில்லை!

ஆங்கிலத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. காது கேளாத, வாய் பேசாத ஒருவரைக் குறிக்கும் 'பொட்டன்' என்ற சொல்லே மலையாளத்தில் மூடனுக்கும் வழங்குகிறது. தமிழில் 'பேதை' என்பது சிறுமிப் பருவத்தின் பெயர். அறிவிலிக்கும் அதுவே பெயர். எளியோரின் பெயரை ஏளனத்துக்கு எடுத்துக்கொள்வது எல்லா மொழியிலும் உள்ள பழக்கமே.

வள்ளுவரோ பேதைமையைப் பிறப்பில் காணவில்லை, செயலில் கண்டார். கேடு தருவதைக் கைக்கொண்டு ஆக்கம் தருவதைக் கைவிடுவதே பேதைமை என்றார். கற்றும், பிறருக்கு எடுத்துரைத்தும், தான் அடங்கி நடவாதவனைவிடப் பெரிய பேதை இல்லை என்றும் கூறினார். இவ்வளவுகோலால் அளந்தால், மூட்டையை மாற்றி இறக்கிய பையனைவிட, பத்துப் பேர் முன்னிலையில் அவனை 'இடியட்' என்ற படித்த முதலாளிக்கே அப்பட்டம் பொருந்தும்.

பிழையைப் பிழை என்று சொல்லித் திருத்துவது பெரியோர் கடமை. பிழைக்குத் திருத்தம் உண்டு. பிள்ளையின் மனத்தில் பதிந்த பட்டப்பெயரை அழிப்பது எளிதன்று.