கணுக்காலுக்குக் காலுறை போதுமா?

கோடையில் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துவிடுகிறது. வெடிப்பில் கால் சிக்கிக் கணுக்கால் பிசகுவது நம் விவசாய அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. வீக்கம் வடிந்த பின்னும் சிலருக்கு அக்கால் சமதரையிலேயே மடங்கிவிடுகிறது. இத்தகையோருக்கென்றே விசேஷக் காலுறைகள் கடைக்கு வந்துள்ளன. கணுக்காலை இறுகப் பிடிப்பன சில. உள்ளங்காலை உறுத்தும்படி மேடு பள்ளமாகப் பின்னப்பட்டவை சில. சங்கப் பணத்தில் இவற்றைத் தருவித்து வழங்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம். நெசவாளர் பத்திரிகையே நூற்சரக்கை வேண்டாமென்பதா என்று சிலர் நகைக்கலாம், நகைக்கட்டும்.

பிரிட்டனில் ஃப்ரீமன் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1965இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் கிழியும்போது, பாதம் எவ்வாறு இருக்கிறதென்று உணர்த்தும் நரம்பு நுனிகளும் சேதமடைகின்றன. ஆதலால் கால் சரியும் செய்தி தாமதித்தே போய்ச் சேருகிறது என்றனர். ஆடும் பலகைமீது நின்று பழகியவர்களுக்குக் கால் மடங்குவது குறைந்ததையும் அவர்கள் கண்டனர்.

காலுறையின் வாதமும் இதையொட்டியதே: தோலை அழுத்தினால் அவ்வுணர்வு கூடும் என்பது. சோதனைகளோ ஒருமுகமாக இல்லை. ஒற்றைக் காலில் நிற்கையில் உடல் ஆடுவது சற்றுக் குறைந்ததாகச் சிலவும், வேறுபாடே இல்லையெனச் சிலவும் கூறுகின்றன. ஆடுவது குறைந்தாலும், வரப்பில் கால் பிசகுவது குறையும் என்பதற்கு அது சான்றாகாது. மாறாக, ஒருமுறை சுளுக்கியவருக்கு மறுமுறை நேராமல் தடுப்பதில் கயிறிட்டுக் கட்டும் கணுக்கால் பட்டையும் சமநிலைப் பயிற்சியும் பயன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

குழித்தறியில் வெறுங்காலால் மிதியை உணர்ந்து மிதிக்கும் நெசவாளருக்கு, வழுக்கும் காலுறை இடையூறாகவும் ஆகலாம்.

சங்கரன்கோவில் ஆடித்தபசை அறிந்த நமக்கு ஒற்றைக்கால் நிலை அந்நியமானதன்று. சுவரருகே நின்று, நாள்தோறும் சில நிமிஷம், முதலில் கண் திறந்தும், தேறிய பின் மூடியும் சில வாரங்கள் பழகலாம், செலவில்லை. காலை ஊன்றவே இயலாவிடில் பயிற்சியைத் தொடங்காது, முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நீரிழிவுள்ளோர் வைத்தியரைக் கேளாமல் இறுக்கமான உறை எதையும் அணியலாகாது.

சங்கம் செலவிட விரும்பினால், புதிதாகச் சுளுக்கிய அங்கத்தினர் இரவல் பெற நாலைந்து பட்டைகளை வாங்கி வைக்கட்டும். காலுறை வேண்டுவோர் தம் பணத்தில் வாங்கிக்கொள்ளலாம்.