விசிறியின் வேகம் யார் கையில்?

கலைப்பீடத்துக்காரருக்கு லப்டொப் சூடாவதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். "நீங்கள் வேர்டில தானே ரைப் பண்ணுறீங்கள், அதுக்கு என்ன சூடு?" என்பார்கள். கேம் விளையாடுகிறவர், வீடியோ எடிட் பண்ணுகிறவர், பொறியியல் பீடத்தில் பெரிய பெரிய சொஃப்ட்வெயார் ஓட்டுகிறவர், இவர்களுக்குத்தான் சூட்டைப் பற்றிக் கதைக்க உரிமை இருக்கிறது என்பது போல ஒரு எண்ணம்.

எங்கள் ஒரு சாதாரண நாளைப் பாருங்கள். ஸ்கேன் பண்ணிய 400 பக்கப் புத்தகம் ஒன்று பிடிஎஃப்பாகத் திறந்திருக்கும். குரோமில் முப்பது டாப். ஒரு பக்கம் சூமில் விரிவுரை. அதற்குள்ளே விண்டோஸ் தன் பாட்டுக்கு அப்டேட்டை இறக்கத் தொடங்கும். மேலே சீற் கூரை, வெளியே சித்திரை வெயில். பத்து நிமிடத்தில் விசிறி ஹெலிகொப்டர் மாதிரி இரையும், அதற்குப் பிறகு எழுத்து ஒவ்வொன்றும் ரைப் பண்ணி ஒரு செக்கன் கழித்துத்தான் திரையில் விழும். வேர்டில் தான் ரைப் பண்ணுகிறோம். ஆனாலும் சூடாகத்தான் செய்கிறது.

இது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அதே வருடம் மே மாதத்தில் அது 360ஐத் தாண்டியது. லப்டொப் என்பது முழுக்க முழுக்க இறக்குமதிப் பொருள். அதற்குப் பிறகு புதிதாக ஒன்று வாங்குவது என்பது பல வீடுகளில் நகை அடைவு வைக்கிற கதையாகிவிட்டது. முதலாம் வருடத்தில் வாங்கிய அதே லப்டொப் நாலாம் வருட ஆய்வுக்கட்டுரை வரைக்கும் ஓட வேண்டும், அதற்குப் பிறகு வேலை தேடவும் வேண்டும், முடிந்தால் தங்கச்சிக்கோ தம்பிக்கோ கைமாற வேண்டும். இப்படி ஓட வேண்டிய ஒரு பொருளின் ஆயுளைத் தின்னுகிற முக்கியமான எதிரிகளில் ஒன்று சூடு.

எங்கள் நிலைப்பாடு இதுதான்: காசு கொடுத்து வாங்கிய மெஷினின் விசிறி எந்த நேரம், எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று தீர்மானிக்கிற வசதி அதன் சொந்தக்காரரிடம் இருக்க வேண்டும். அந்த வசதியை எப்படிப் பாவிப்பது என்று நாங்களும், அதாவது 'ஐரி தெரியாத' கலைப்பீடத்துக்காரரும், படிக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

முதலில், இப்போது யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்ப்போம். பெரும்பாலான லப்டொப்புகளில் விசிறியை நேரடியாக நடத்துவது விண்டோஸோ லினக்ஸோ அல்ல. மதர்போர்ட்டில் எம்படட் கொன்ட்ரோலர் என்று ஒரு சின்னச் சிப் இருக்கிறது. கீபோர்ட், பட்டரி சார்ஜ், விசிறி எல்லாம் அதன் பொறுப்பில். அதற்குள் ஓர் அட்டவணை எழுதப்பட்டிருக்கும்: இத்தனை பாகை வரை விசிறி நிற்கட்டும், இத்தனை பாகையில் மெதுவாகச் சுற்றட்டும், இத்தனை பாகையில் முழு வேகம். கூடுகிறபோது ஒரு எல்லை, குறைகிறபோது அதைவிடச் சற்றுக் கீழே இன்னொரு எல்லை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் விசிறி நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று ஓடும்.

இந்த அட்டவணையை எழுதுகிறவர் முட்டாளும் இல்லை, எங்கள் எதிரியும் இல்லை. விசிறி வேகமாகச் சுற்றினால் சத்தம், பட்டரிச் செலவு, உள்ளே இழுபடும் தூசு எல்லாம் கூடும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று ஏறக்குறைய இரண்டு மடங்குதான் வரும், ஆனால் அதற்குத் தேவையான மின்சாரம் எட்டு மடங்குக்குப் போகும். ஆகவே அவர் எங்கேயோ ஓர் இடத்தில் சமரசம் செய்ய வேண்டும். எங்கள் கேள்வி அந்தச் சமரசம் யாருடைய அறையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதுதான். ஆப்பிள் தன் மக்புக்குகளை 10 முதல் 35 பாகை செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பாவிக்கச் சொல்கிறது. சித்திரை, வைகாசியில் சீற் கூரைக்குக் கீழே மத்தியானம் 35ஐத் தாண்டுவது எங்களுக்குப் புதினமில்லை. ஏசி போட்ட அலுவலகத்தில் சத்தமில்லாமல் இருப்பது பெரிய நல்ல குணம். எங்கள் போடிங் அறையில் அப்படி இல்லை. அங்கே சீலிங் ஃபான் போடுகிற சத்தத்தில் லப்டொப்பின் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது?

இந்த இடத்தில் ஒரு பயத்தைக் களைய வேண்டும். சூடானவுடன் லப்டொப் வெடிக்கப் போவதில்லை. இன்றைய ப்ரொசசர்கள் 100 பாகைக்குக் கிட்டப் போனதும் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஏறினால் மெஷினை நிறுத்திவிடும். எழுத்து பிந்தி விழுகிறது என்று மேலே சொன்னோமே, அதற்கு ஒரு காரணம் இந்தத் தற்காப்பு. உண்மையான சேதம் மெதுவாகத்தான் நடக்கிறது. வெக்கையில் கிடக்கும் லித்தியம் பட்டரி சீக்கிரம் கிழடாகிறது. சிப்புக்கும் அதன் மேலுள்ள உலோகத்துக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் காய்கிறது. காய்ந்தால் சூடு இன்னும் கூடுகிறது. மூன்றாம் வருடத்தில் "லப்டொப் ஸ்லோவாப் போச்சு, புதுசு வாங்கவேணும்" என்கிறோம். உண்மையில் அது பழசாகாமல், வெறுமனே புழுங்கிக்கொண்டு இருக்கலாம்.

தயாரித்தவருக்கே எல்லாம் தெரியும், நாங்கள் கை வைக்கக் கூடாது என்கிறவர்களுக்கு 2018 ஜூலையில் நடந்ததை ஞாபகப்படுத்தலாம். ஆப்பிள் அப்போது கோர் ஐ9 ப்ரொசசரோடு புது மக்புக் ப்ரோ ஒன்றை வெளியிட்டது. டேவ் லீ என்கிற யூடியூப் விமர்சகர் அதில் வீடியோ ஒன்றை ரெண்டர் பண்ணிப் பார்த்தார். சூட்டினால் வேகம் அப்படி விழுந்தது. அதே லப்டொப்பை ஃப்ரீசருக்குள் வைத்து ஓட்டியபோது வேலை வேகமாக முடிந்தது. சில நாட்களில் ஆப்பிள், சூட்டைக் கையாளும் நிரலில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுப்போனதாக ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, திருத்தத்தை அனுப்பியது. அவ்வளவு பெரிய கொம்பனிக்கே பிழைக்கும் என்பது ஒரு பாடம். இன்னொன்று, அந்தப் பிழையைத் திருத்தும் கை கொம்பனியிடம் மட்டும்தான் இருந்தது. உலகம் முழுக்கப் பார்க்கப்பட்ட விமர்சகர் என்பதால் ஒரு வாரத்தில் பதில் வந்தது. வவுனியாவிலோ வாழைச்சேனையிலோ இருந்து ஒரு மாணவி முறைப்பாடு போட்டிருந்தால்?

அதே நேரம், கட்டுப்பாட்டைத் திறந்துவிட்டால் எல்லாரும் மெஷினை எரித்துவிடுவார்கள் என்ற வாதமும் நிற்காது. திங்க்பாட் லப்டொப்புகளுக்கு லினக்ஸில் உள்ள ட்ரைவரைப் பாருங்கள். விசிறியை 0 முதல் 7 வரை படிப்படியாக வைக்கலாம். ஆனால் இந்த வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும், தெரிந்து விரும்பித்தான் திறக்க வேண்டும். அதோடு ஒரு காவல் நேரமும் வைக்கலாம். அதிகபட்சம் 120 செக்கன். அதற்குள் உங்கள் நிரலில் இருந்து மறு கட்டளை வராவிட்டால், நிரல் செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு விசிறியைப் பழைய தானியங்கி முறைக்குத் திருப்பிவிடும். ஃப்ரேம்வேர்க் கொம்பனி இன்னும் ஒரு படி மேலே போய், எம்படட் கொன்ட்ரோலரின் நிரலையே 2022இல் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆக, பாதுகாப்போடு திறந்துவிட முடியும். மனம்தான் வேண்டும்.

மற்ற இடங்களில் நடப்பது வேறு. விலை கூடிய கேமிங் லப்டொப் வாங்கினால், விசிறிக்கு நீங்களே கோடு கீறுகிற மாதிரி அழகான சொஃப்ட்வெயார் கூட வருகிறது. படிப்புக்கென்று வாங்குகிற சாதாரண மொடல்களில் பெரும்பாலும் 'சைலன்ட்', 'பெர்ஃபோமன்ஸ்' என்று இரண்டு மூன்று மோட்களோடு கதை முடிகிறது. கட்டுப்பாடும் காசுள்ளவருக்குத்தான் என்றாகிறது. ஏசி அறையில் இருக்கிறவருக்குக் கட்டுப்பாடு, சீற் கூரைக்குக் கீழே இருக்கிறவருக்கு 'சைலன்ட்'.

சரி, இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? மக்புக் வைத்திருப்பவர்களுக்கு மக்ஸ் ஃபான் கொன்ட்ரோல் இருக்கிறது. விண்டோஸில் நோட்புக் ஃபான் கொன்ட்ரோல், பழைய திங்க்பாட்களுக்கு ரிபி ஃபான் கொன்ட்ரோல், லினக்ஸில் திங்க்ஃபான், ஃபான்கொன்ட்ரோல். இவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் கை வைக்க முன்னம் மூன்று விஷயம்.

ஒன்று, ஒழுங்கு. தூசு முதல், வேலைப்பளு அடுத்தது, விசிறி கடைசி. காற்றுப்போகும் வாயைச் செம்மண் தூசு அடைத்திருந்தால் விசிறியை எவ்வளவு சுற்றவைத்தும் பிரயோசனமில்லை. துப்புரவாக்குகிறபோது லப்டொப்பை முழுதாக நிறுத்தி, விசிறியின் இதழ் சுற்றாதபடி பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ப்ளோவர் காற்றில் அது கட்டுமீறிச் சுற்றினால் பழுதாகலாம். தலையணைக்கு மேலேயும் மெத்தையிலேயும் வைத்து வேலை செய்வதை விடுங்கள். பல லப்டொப்புகள் அடியால்தான் காற்றை இழுக்கின்றன. பின்பக்கத்தில் இரண்டு போத்தல் மூடியை வைத்து உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டு, விண்டோஸுக்குள் ஏற்கனவே இருப்பதைப் பாருங்கள். பவர் ஒப்ஷன்ஸில் ப்ரொசசர் பகுதிக்குள் போனால், பல மெஷின்களில் 'சிஸ்டம் கூலிங் பொலிசி' என்று ஒன்று இருக்கும். 'அக்டிவ்' என்றால் முதலில் விசிறியைக் கூட்டும், அதற்குப் பிறகுதான் ப்ரொசசரை மெதுவாக்கும். 'பசிவ்' என்றால் மறுவளம். சத்தமா வேகமா என்ற கேள்வி ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. அதே இடத்தில் ப்ரொசசரின் உச்ச அளவை 100இல் இருந்து 99 ஆக்கினால், பல மெஷின்களில் ரேர்போ எனப்படும் மேலதிக வேகம் நின்றுவிடும். கட்டுரை எழுத அந்த வேகம் தேவையில்லை. சூடு குறைவதை நீங்களே உணர்வீர்கள்.

மூன்று, இதுதான் முக்கியம்: விசிறியைக் கூட்டலாம், தானியங்கி வைக்கிற அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது. நூலகத்தில் சத்தம் போடுகிறது, இரவில் றூம்மேட் நித்திரை என்று விசிறியைத் தாழ்த்தி வைத்துவிட்டு மறந்துபோகிற ஆசை வரும். அந்த நேரம் தாழ்த்த வேண்டியது வேலைப்பளுவை. டாப்களை மூடுங்கள். அதோடு, வேறொரு மொடலுக்கு எழுதிய அமைப்பைக் கொண்டுவந்து உங்கள் மெஷினில் போடாதீர்கள். அந்த எம்படட் கொன்ட்ரோலர் பட்டரியையும் பார்க்கிறது என்று சொன்னோம். பிழையான இடத்தில் பிழையான இலக்கத்தை எழுதினால் விசிறியோடு நிற்காது. வெப்பநிலையைக் காட்டுகிற சொஃப்ட்வெயார் ஒன்றைக் கூடவே திறந்து வைத்துக்கொண்டு, முதல் அரை மணித்தியாலம் கண்ணால் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு நம்புங்கள்.

"இதெல்லாம் ஏன் எங்களுக்கு? ஐரி பெடியளிட்டக் குடுத்தாச் செய்வாங்கள் தானே" என்பது எங்கள் பீடத்தில் அடிக்கடி கேட்கிற வசனம். லப்டொப்பைக் கொடுப்பது என்றால் அதற்குள் இருக்கும் எல்லாத்தையும் கொடுப்பது. படங்கள், கதைத்த கதைகள், லொக்இன் ஆகிக் கிடக்கும் கணக்குகள் எல்லாம் போகும். விசிறி இரைகிறது என்பதற்காக ஒரு பெண் பிள்ளை தன் பாஸ்வேர்ட்டை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியிருப்பது சின்ன விலையில்லை. பழுது பார்ப்பவர்களை நாங்கள் சந்தேகிக்கச் சொல்லவில்லை, பேஸ்ட் மாற்ற ஒருநாள் அவர்களிடம்தான் போக வேண்டும். ஆனால் ஒரு செட்டிங்கை மாற்றுவதற்கும் இன்னொருவரின் கையை எதிர்பார்க்கிற நிலை எங்களுக்கு நல்லதல்ல. இயந்திரம் தெரிந்தவர், தெரியாதவர் என்று ஆட்களை இரண்டாகப் பிரிக்கிற கதையை வகுப்பில் கோட்பாடாகப் படிக்கிறோம். அறைக்கு வந்து அதையே நாங்களும் திருப்பிச் செய்கிறோம்.

ஆகவே இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அடுத்த முறை வீட்டில் யாருக்காவது லப்டொப் வாங்கப் போகிறபோது, ரம் எவ்வளவு, ஹார்ட் எவ்வளவு என்று கேட்கிற அதே வாயால், "விசிறியை நாங்களே கட்டுப்படுத்தலாமா? அடிமூடியைக் கழற்றித் துப்புரவாக்கினால் வொரண்டி போகுமா?" என்றும் கேட்போம். கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குத் தெரிந்து வைத்திருப்பார். மற்றது, ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் பீடத்து மாணவர் ஒன்றியம் ஒரு பின்னேரம் ஒதுக்கினால் போதும். நாலு ஸ்க்ரூ ட்ரைவர், ஒரு ப்ளோவர், தெரிந்த இரண்டு பேர். அவரவர் லப்டொப்பை அவரவரே கழற்றிப் பார்க்கட்டும். புது வருடப் பிள்ளைகளை வரவேற்க எத்தனையோ செய்கிறோம், இதையும் செய்யலாம். சித்திரை வர முன்னம் செய்தால் இன்னும் நல்லது.