பாழடையும் வாடகை வீடுகள்: புகார் வீட்டின் மீது, குடியிருப்போர் மீது அல்ல

குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

பின்னணி

சென்னை மாநகராட்சிக்கு உட்பட்ட எங்கள் பழைய நகரில், பராமரிப்பே இல்லாமல் வாடகைக்கு விடப்படும் வீடுகள் பற்றிய முறையீடுகள் சங்கத்துக்குத் தொடர்ந்து வருகின்றன. பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் சன்ஷேடு, மூடியில்லாத மொட்டை மாடித் தொட்டி, தெருவில் வழியும் கழிவுநீர், புதர் மண்டிய பின்கட்டு என்று இவற்றைப் பட்டியலிடலாம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது இந்த முறையீடுகள் பெருகுகின்றன.

ஆனால் அக்கம்பக்கத்தார் கேட்கும் பரிகாரம் பெரும்பாலும் ஒன்றுதான்: “அங்கே இருப்பவர்களைக் காலி செய்ய வையுங்கள்.” திருமணமாகாத இளைஞர்களுக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் வீடு விடக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்பவர்களும் உண்டு. இரு தரப்பையும் கேட்டு விவாதித்த பின், சங்கம் தன் நிலைப்பாட்டை இங்கே அறிவிக்கிறது.

எங்கள் நிலைப்பாடு

1. வாடகை வாங்குபவருக்கு வீட்டைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமை உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதோ, பாகப்பிரிவினை வழக்கு நடப்பதோ, வீட்டை விரைவில் இடிக்கப்போவதோ அந்தக் கடமையை ரத்து செய்யாது.

2. சங்கத்தின் புகார் வீட்டின் நிலையைப் பற்றியதாக மட்டுமே இருக்கும். குடியிருப்பவர் யார், எந்த ஊர், என்ன மொழி, மணமானவரா என்பவை புகாருக்குக் காரணம் ஆகா.

3. நாங்கள் கேட்பது பழுதுபார்ப்பு. காலி செய்வது அல்ல. கட்டடம் இடியும் நிலையில் இருப்பதாகப் பொறியாளர் சொன்னால் மட்டுமே வேறு பேச்சு. அப்போதும் குடியிருப்போருக்கு உரிய அவகாசமும் கொடுத்த அட்வான்ஸும் கிடைத்தாக வேண்டும்.

வீடுகள் ஏன் இப்படி ஆகின்றன?

எங்கள் தெருக்களில் மனையின் மதிப்பு எங்கோ உயர்ந்துவிட்டது. அதன் மேல் நிற்கும் நாற்பது, ஐம்பது வருடக் கட்டடத்துக்கு விலையே இல்லை. நாளைக்கு பில்டர் வருவார், கூட்டு ஒப்பந்தத்தில் அடுக்குமாடி எழும் என்று எதிர்பார்க்கும் உரிமையாளருக்கு, இன்று தளத்துக்குச் செலவழிப்பது வீண்செலவாகத் தெரிகிறது. அந்த “நாளை” பத்து வருடம் தள்ளிப்போவதும் உண்டு. அதுவரை வீடு போர்ஷன்களாகவும், பிறகு கட்டில் கணக்கிலும் வாடகைக்குப் போகிறது. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய கழிப்பறையும் சாக்கடைக் குழாயும் பத்து, பன்னிரண்டு பேரைத் தாங்க வேண்டியிருக்கிறது. குழாய் அடைத்துக்கொண்டால் பழி குடித்தனக்காரர் தலையில் விழுகிறது.

அண்ணன் தம்பி வழக்கில் சிக்கிய வீட்டில் யார் கைக்காசைப் போடுவது என்பதில் இழுபறி. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் வாடகை வங்கிக் கணக்குக்குப் போய்விடும். பழுதைச் சொல்ல ஆள் இருக்காது. புரோக்கரின் கைபேசி எண் ஒன்றுதான் மிச்சம்.

பழுதைக் கேட்கும் வாடகைதாரருக்குக் கிடைக்கும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததே: “இஷ்டம் இருந்தா இருங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க.” அட்வான்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகளின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது, கையில் ஒப்பந்தம் என்று ஒரு தாளும் இல்லை. ஆகவே அவர் வாய் திறப்பதில்லை. ஒழுகும் கூரையின் கீழ் முதலில் நனைபவர் அவர்தான். அவரையே குற்றவாளி ஆக்குவது நியாயம் இல்லை.

தெருவுக்கு என்ன ஆபத்து?

இது அழகு கெடுகிறது என்ற கவலை அல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தேங்கிய தெளிந்த நீரில்தான் பெருகும். மாடியில் கிடக்கும் பழைய டயர், உடைந்த சிங்க், பெயின்ட் டப்பா அதற்குப் போதும். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாகி வெளிவர ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதன் முட்டை நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த மழையில் பொரியும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவுக்கோ கிணறும் மூடாத மேல்நிலைத் தொட்டியுமே பிறப்பிடம். ஏடிஸ் வெகுதூரம் பறக்காது. ஒரு வீட்டின் கொசு பெரும்பாலும் அந்தத் தெருவுக்குள்ளேயே கடிக்கும். பத்து வீட்டார் தொட்டியை மூடி வைத்தும் பதினோராவது வீட்டின் திறந்த தொட்டி அத்தனை பேர் உழைப்பையும் வீணாக்கிவிடும்.

அடுத்தது கட்டடம். கான்கிரீட்டுக்குள் ஈரம் புகுந்தால் கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பிய கம்பி மேற்பூச்சை வெடிக்கச் செய்து பாளம் பாளமாகத் தள்ளும். தெருவை ஒட்டிய சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் கீழேதான் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள், காய்கறி வண்டி நிற்கிறது. மழைக்காலத்தில் ஈரச் சுவரில் பழைய ஒயரிங் மின்கசிவு ஏற்படுத்தினால் முதலில் பாதிக்கப்படுபவர் உள்ளே இருப்பவரே.

சட்டம் என்ன சொல்கிறது?

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்கு வர்ணம், குழாய் மாற்றம், ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, வடிகால் சுத்தம், தாம் பயன்படுத்தும் தோட்டம் ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், வாடகைதாரரே வேலையை முடித்துச் செலவை வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் கழிப்பது வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது.

சுகாதாரத்துக்குத் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், 1939 இருக்கிறது. கொசு உற்பத்தியாகும் இடத்தைச் சரிசெய்யும்படி உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ சுகாதாரத் துறை நோட்டீஸ் கொடுக்கலாம். செய்யாவிட்டால் தானே செய்து செலவை வசூலிக்கலாம். ஆக, சட்டத்துக்குக் குறைவில்லை. அதைக் கையில் எடுப்பவர்கள்தான் குறைவு.

எங்கள் வேண்டுகோள்

உரிமையாளர்களுக்கு: மழைக்கு முன் தளம், சன்ஷேடு, ஒயரிங், மேல்நிலைத் தொட்டி, சம்ப் மூடி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள், பழுதுக்குச் செலவழிக்கும் அதிகாரம் பெற்ற ஒருவரின் தொடர்பு விவரத்தை வாடகைதாரருக்கும் சங்கத்துக்கும் தாருங்கள். வழக்கில் இருக்கும் வீட்டுக்காரர்கள், வரும் வாடகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென ஒதுக்கப் பொது உடன்பாட்டுக்கு வாருங்கள். வாடகையை மட்டுமே நம்பி வாழும் முதியவர்களுக்குப் பெரிய வேலையை ஒரே தவணையில் செய்ய முடியாது என்பதை அறிவோம். வாடகைதாரர் செலவழித்து மாதாமாதம் கழித்துக்கொள்ளும்படி எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்ள சங்கம் உதவும்.

வாடகைதாரர்களுக்கு: பழுதைப் படம் எடுத்து, தேதியுடன் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல் எங்கும் நிற்காது. வாரம் ஒரு நாள் தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். குப்பையைத் தரம் பிரித்துக் கொடுப்பதும் வடிகாலை அடைக்காமல் வைப்பதும் உங்கள் பொறுப்பு. அதில் சங்கம் விட்டுக்கொடுக்காது.

மாநகராட்சிக்கு: 1913 எண்ணில் பதிவாகும் புகாரில் குடியிருப்பவரோடு நின்றுவிடாமல், சொத்து வரிப் பதிவில் உள்ள உரிமையாளருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். அபராதம் கட்டமைப்புக் குறைக்காக என்றால் அது உரிமையாளர் பெயரில் விழட்டும். தெருவை நோக்கிய ஆபத்தான கட்டடப் பகுதிகளை மழைக்கு முன் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசுக்கு: வாடகை அதிகாரி என்று ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. வார்டு அலுவலகங்களில் அவருடைய முகவரியையும், பழுதுப் பொறுப்பு அட்டவணையையும் எளிய தமிழில் எழுதி வையுங்கள். முறையிட்ட வாடகைதாரரைப் பழிவாங்கும் விதமாக வெளியேற்றுவதற்குத் தெளிவான தடை வேண்டும்.

சங்கம் செய்ய இருப்பது

புகார் வந்தால் முதலில் குடியிருப்போரிடம் பேசுவோம். அவர்கள் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டோம். பிறகு உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதி 15 நாள் அவகாசம் கொடுப்போம். கொசு, கழிவுநீர், இடிந்து விழும் ஆபத்து ஆகியவற்றில் அவகாசம் இல்லை. அன்றே மாநகராட்சிக்குத் தெரிவிப்போம். 15 நாளில் பதில் இல்லையென்றால் சுகாதார ஆய்வாளர், வார்டு உதவிப் பொறியாளர், மாமன்ற உறுப்பினர் ஆகியோருக்கு ஆவணங்களுடன் முறையிடுவோம். வாடகைதாரர் விரும்பினால் வாடகை அதிகாரியிடம் மனு எழுதவும் துணை நிற்போம்.

செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். தண்ணீரை, மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல மாட்டோம். வீட்டு வாசலில் கூட்டமாகப் போய் நிற்க மாட்டோம். குடியிருப்போரின் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போட மாட்டோம். போடும் உறுப்பினரை அனுமதிக்கவும் மாட்டோம். இன்னாருக்கு வீடு விடாதீர்கள் என்ற தீர்மானம் இச்சங்கத்தில் நிறைவேறாது.

கடைசியாக, சங்கத்தின் விதியிலேயே ஒரு மாற்றத்தை அடுத்த பொதுக்குழுவில் முன்வைக்கிறோம். இதுவரை உறுப்பினர் உரிமை வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டுமே இருந்தது. இனி இந்நகரில் குடியிருக்கும் ஒவ்வொரு வாடகைதாரரும் சந்தா கட்டி, வாக்குரிமையுடன் உறுப்பினர் ஆகலாம். பழுதடைந்த வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்த வீட்டில் வாழ்பவருக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பதே இந்த அறிக்கையின் அடிப்படை. உறுப்பினர்கள் இதை ஆதரித்து வாக்களிக்கும்படி நிர்வாகக் குழு கேட்டுக்கொள்கிறது.