வால் உரசினால் விமானிக்குத் தெரியுமா?

2009 மார்ச் 20, இரவு பத்தரை மணி. மெல்போர்னிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340-500. உள்ளே 275 பேர். விமானத்தின் எடை 362.9 டன். ஆனால், டேக்-ஆஃப் கணக்குப் போடும் லேப்டாப்பில் பதிவானதோ 262.9. ஒரே ஒரு எண்தான் தப்பு. நூறு டன் காணாமல் போய்விட்டது!

குறைந்த எடைக்கு ஏற்ற விசையில்தான் இன்ஜின்கள் ஓடின. மூக்கைத் தூக்கியும் விமானம் எழும்பவில்லை. வால்பகுதி ஓடுபாதையில் உரசிக்கொண்டே போனது. கேப்டன் சட்டென்று முழு விசை கொடுத்தார். அதற்குள் ஓடுபாதையே முடிந்துவிட, அப்பால் இருந்த விளக்கையும் ஆன்டெனாவையும் இடித்துவிட்டுத்தான் மேலே ஏறியது.

இதற்குப் பெயர் 'டெயில் ஸ்ட்ரைக்'. இந்த விமானத்தின் நீளம் சுமார் 68 மீட்டர். அந்தக் கோடியில் வால் லேசாக உரசினால், இந்தக் கோடியில் இருக்கும் விமானிக்குத் தெரியாமலே போகலாம். பின் இருக்கையில் இருக்கும் விமானப் பணியாளர்களுக்குத்தான் முதலில் சத்தம் கேட்கும். அல்லது, கன்ட்ரோல் டவரில் இருப்பவர் புகையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மெல்போர்ன் விமானத்தில் வாலுக்கு அடியில் சென்சார் இருந்ததால், காக்பிட் திரையிலேயே எச்சரிக்கை வந்தது. எரிபொருளைக் கடல்மேல் கொட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். யாருக்கும் காயமில்லை.

உரசியது தெரிந்தும் ஆபத்து தீராத கதைகளும் உண்டு. 1980-ல் ஹாங்காங்கில் தரையிறங்கும்போது சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்றின் வால் உரசியது. சிராய்ப்பு விழுந்த தகட்டை முழுசாக வெட்டி எடுக்காமல், மேலேயே இன்னொரு தகட்டை வைத்து ஒட்டுப்போட்டுவிட்டார்கள். நம் வீட்டுச் சுவர் விரிசலுக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரிதான்! ஒவ்வொரு முறை பறக்கும்போதும் உள்காற்றழுத்தத்தில் உடல் உப்பி, இறங்கும்போது சுருங்கும். ஒட்டுக்கு அடியில் விரிசல் வளர்ந்துகொண்டே இருந்தது. 22 வருடங்கள் கழித்து, 2002 மே 25-ல், தைபேயிலிருந்து ஹாங்காங் போகும் வழியில் விமானம் நடுவானில் உடைந்தது. 225 பேரும் இறந்தார்கள்.

விமானத்துக்குள் சிகரெட் பிடிக்க அனுமதி இருந்த காலத்தில், அந்தப் புகை விரிசல் வழியே கசிந்து, ஒட்டுத் தகட்டின் ஓரத்தில் பழுப்புக் கறையாகப் படிந்திருந்தது. விபத்துக்கு முன்பு பரிசோதனையில் எடுத்த போட்டோக்களிலேயே அந்தக் கறை தெரிகிறது.