வேலூருக்கு வேக ரயில் சரி! அணைக்கட்டுக்குப் பேருந்து எங்கே?



2025 மார்ச்சில் தமிழக அரசு தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் நம் பகுதியைத் தொடும் அறிவிப்பு ஒன்று இடம் பெற்றது. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வேலூர் வரை 140 கிலோ மீட்டர் தூரத்துக்கு, மணிக்கு 160 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும் மண்டல ரயில் அமைக்க முடியுமா என்று ஆய்வு செய்யப்படும் என்பதே அது. காலையில் பெரியமேட்டுக்குப் போய் விலை பேசி முடித்துவிட்டு மதியமே ஊர் திரும்பலாம் என்று தோல் வியாபாரிகள் கணக்குப் போடுவது இயல்புதான்.

மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அறிவிக்கப்பட்டது ஆய்வு, தண்டவாளம் அல்ல. கேட்க வேண்டியதை இப்போதே கேட்க வேண்டும். தூண்கள் எழும்பிய பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது.

யார் பணம்?

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 118.9 கிலோ மீட்டர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சர் அடிக்கல் நாட்டினார். 2021 மத்திய பட்ஜெட்டிலும் அறிவித்தார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததோ 2024 அக்டோபர் 3-ந் தேதி! அதுவரை மாநிலத் திட்டமாகவே நடந்தது. சுமையின் பெரும்பகுதி மாநிலத்தின் தலையில்தான்.

வடக்கே பாருங்கள். டில்லி - மீரட் மண்டல ரயில் 82 கிலோ மீட்டர், 30,274 கோடி ரூபாய்த் திட்டம். டில்லி அரசு தன் பங்கான 415 கோடியைத் தராமல் இழுத்தடித்தது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்துக் கொடுக்கும்படி உத்தரவிட வேண்டியதாயிற்று. மத்திய அரசின் பங்கு எவ்வளவு, மாநிலத்தின் பங்கு எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது எழுத்தில் வராத வரை எந்த ரயிலும் மேடைப் பேச்சில்தான் ஓடும்.

கிளாம்பாக்கம் தரும் பாடம்

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அழகான கட்டடம். ஆனால் திறந்த நாளில் அருகே ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சுகளோடு இறங்கிய மக்கள், நகருக்குள் போக இன்னொரு பேருந்துக்குக் காத்து நின்றார்கள். இணைப்பை மறந்துவிட்டு முனையத்தை மட்டும் கட்டினால் இதுதான் கதி. நாளை வேலூரில் இந்த ரயிலின் நிலையம் ஊருக்கு வெளியே எங்கோ புறவழிச் சாலையில் அமைந்தால், சென்னையிலிருந்து வருவதற்கு ஆகும் நேரத்தை விட அங்கிருந்து அணைக்கட்டுக்குப் போக ஆகும் நேரம் அதிகமாகிவிடாதா?

நமக்கு யார் திட்டமிடுகிறார்கள்?

சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோ மீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோ மீட்டராக 2022-ல் விரிக்கப்பட்டது. அது நம் பக்கம் அரக்கோணத்தோடு நின்று விட்டது. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்தது. அணைக்கட்டும் பேரணாம்பட்டும் வேலூரில். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில். ராணிப்பேட்டை தனி மாவட்டம். நிர்வாகத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் தோல் தொழில் மாவட்ட எல்லை பார்த்தா நடக்கிறது? ஒடுகத்தூர் பக்கத்துப் பெண் மாதனூர் வழியே ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போனால் எல்லை தாண்டுகிறாள். அவள் ஷிப்டு நேரத்துக்குப் பேருந்து விடுவது எந்த ஆட்சியரின் பொறுப்பு?

வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் இயங்கிய காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1997-ல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பின்னர் தலைமையிடமும் போனது. இன்று நம் பேருந்துகள் விழுப்புரம் கோட்டத்தின் கீழ். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தொழிலாளப் பெண்களுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் பஸ் வந்தால்தானே இலவசம்?

என்ன செய்ய வேண்டும்?

மூன்று கோரிக்கைகளை நாம் முன்வைக்க வேண்டும். ஒன்று, வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றை ஒரே தொழில் மண்டலமாகக் கருதிப் போக்குவரத்துத் திட்டம் தீட்ட வேண்டும். இரண்டு, இந்த ரயிலின் வேலூர் நிலையம் இருக்கிற ரயில் நிலையத்தோடும் பேருந்து நிலையத்தோடும் இணைய வேண்டும். மூன்று, ரயிலுக்கு ஒதுக்கும் நிதியிலேயே அணைக்கட்டு போன்ற ஊர்களுக்கான இணைப்புப் பேருந்துகளுக்கும் பங்கு வேண்டும். பல்லாயிரம் கோடி கடன் வாங்கத் துணியும் அரசுக்கு இது பெரிய தொகையல்ல.

கோரிக்கை வெறும் கோஷமாக இருந்தால் குப்பைக் கூடைக்குத்தான் போகும். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், எந்த ஷிப்டுக்கு, எந்த வழியாகப் போகிறார்கள் என்ற கணக்கை இளைஞர்கள் எடுக்கட்டும். மாதம் எவ்வளவு சரக்கு சென்னைக்குப் போகிறது என்ற கணக்கை வணிகர் சங்கங்கள் தரட்டும். அந்தக் கணக்கோடு சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்துக்கும், போக்குவரத்துத் துறைக்கும், நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மனு போகட்டும். ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சியினரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

அன்னியச் செலாவணியை அள்ளித் தரும் பகுதி என்று நம்மைப் புகழ்கிறார்கள். புகழ்ச்சி போதும், பேருந்து வரட்டும்!