மஞ்சள் கப்பும் பெரிய இன்ஜின் மோகமும்

அமெரிக்காவில் பழைய குட்டி விமானம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, "இதுக்குப் பெரிய இன்ஜின் போட்டா என்ன?" என்று ஆரம்பித்து விடுவார்கள். இந்த வியாதியில் அடிக்கடி மாட்டிக்கொள்வது பைப்பர் ஜே-3 கப் என்ற மஞ்சள் விமானம். 1938 முதல் 1947 வரை சுமார் 20,000 தயாரானது. ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் துணி, மூக்கில் 65 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின். அவ்வளவுதான் விமானமே! மணிக்கு 120 கிலோமீட்டர் போகும். கீழே நெடுஞ்சாலையில் கார்கள் முந்திக்கொண்டு போவதைப் பார்த்தால் ஓனருக்கு ரோஷம் வராதா என்ன?

சரி, 100 குதிரைத்திறன் ஓ-200 இன்ஜினை மாட்டியாச்சு என்றே வைத்துக்கொள்வோம். லாப நட்டக் கணக்குப் பார்ப்போமா?

சக்தி 54 சதவீதம் கூடியது. வேகம்? வெறும் 15 சதவீதம். காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கன மடங்கில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். ஆக 120 என்பது 138 ஆகும், அவ்வளவுதான். ஆனால் டேங்க் அதே 45 லிட்டர் டேங்க். முன்பு மூன்று மணி நேரம் தாங்கியது, இப்போது இரண்டு மணி நேரத்தைத் தாண்டினாலே பெரிசு. 360 கிலோமீட்டர் போன விமானம் 285இல் தரை தேடும். கைக்காசைச் செலவழித்துத் தூரத்தைக் குறைத்துக்கொள்வதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

மேலேறும் வேகம் நன்றாகக் கூடும், அதை மறுப்பதற்கில்லை. குட்டையான ஓடுபாதையில் அது உயிர் காக்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது, எடை. கப்பின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 553 கிலோ. காலி விமானமே 345 கிலோ. இரண்டு பேர் 160, முழு டேங்க் பெட்ரோல் 32. மிச்சம் 16 கிலோ! பெரிய இன்ஜின், அதோடு "போனால் போகிறது" என்று ஒரு ஸ்டார்ட்டர், பேட்டரி, ஒயரிங் என்று சேர்த்தால் அந்த 16 எங்கே போச்சு? சட்டப்படி பார்த்தால் நண்பரை இறக்கிவிட வேண்டும், இல்லை பெட்ரோலை இறக்க வேண்டும். பலர் இரண்டையும் செய்வதில்லை. எடை கூடினால், இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் அந்த வேகமும் கூடும். தாழ்வாகத் திரும்பும்போது அது தெரியவந்தால், திருத்திக்கொள்ள உயரம் இருக்காது.

"பைப்பர் கம்பெனியே பெரிய இன்ஜின் போட்டதே?" என்பார்கள். போட்டது. பிஏ-11, 1949இல் சூப்பர் கப். ஆனால் இன்ஜினை மட்டுமா மாற்றியது? மூக்குக்குப் பின்னால் இருந்த டேங்கை இறக்கைக்குக் கொண்டுபோனது. சூப்பர் கப்பில் அனுமதி எடையையே உயர்த்தியது. அது வேறு விமானம் சார்!

செய்ய வேண்டியது வேறு. முதலில் தராசில் ஏற்றுங்கள். எழுபது எண்பது வருடத்தில் பூசிய பெயின்ட், திணித்த மெத்தை, யாரோ மாட்டிய ரேடியோ எல்லாம் சேர்ந்து எத்தனை கிலோ என்று தெரியும். வேண்டாததைக் கழற்றுங்கள். அடுத்து புரொப்பெல்லர். திருகுக் கோணம் குறைந்ததைப் போட்டால் அதே 65 குதிரை சீக்கிரம் எழும்பும், நேர் பயணத்தில் வேகம் கொஞ்சம் குறையும். இறக்கையின் முன்விளிம்பு ஓரமாகக் கட்டைவிரல் நகம் அளவுத் தகடுகளை வரிசையாக ஒட்டுவதும் உண்டு. காற்று இறக்கையை விட்டுப் பிரிவதை அவை தள்ளிப்போடும். எடை என்று சொல்லவே ஒன்றும் இல்லை. இவை எதுவும் ஹேங்கரில் பெருமையடித்துக்கொள்ள உதவாது என்பதுதான் ஒரே குறை.

இல்லை, வேகம்தான் வேண்டும் என்றால் செஸ்னா 140 இருக்கிறது. 1946இல் வந்தது, அதுவும் பழசுதான். வெறும் 85 குதிரைத்திறனில் 160க்கு மேல் போகும், ஏனென்றால் உடம்பு வழுவழுப்பானது. கப்பின் மூக்கில் 100ஐக் கட்டினாலும் அந்த வேகம் வராது.