எக்ஸிட் அடிப்பதற்கு முன்னால்!



இறுதியாண்டு வந்துவிட்டால் நம் விடுதி மாடியில் இரண்டே பேச்சுதான். ஒன்று, பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்வது. மற்றொன்று வளைகுடா. "ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட்ல போயிட்டு வந்தா வீட்டுக்குத் தளம் போட்டுடலாம்டா" என்று யாராவது சொல்லாத இரவு உண்டா? போவது எப்படி என்று நமக்கு அத்துப்படி. இன்டர்வியூ, மெடிக்கல், ஏஜெண்டுக்குக் கட்டும் பணம் என்று எல்லாவற்றுக்கும் வழிகாட்ட ஆள் இருக்கிறார்கள். வேலையை முடித்துக்கொண்டு வருவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

என் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா 2015ல் கம்பி கட்டும் வேலைக்குச் சவூதி போனார். 2023ல், வேலை முடிந்தது என்று கம்பெனியே எக்ஸிட் அடித்து அனுப்பியது. கடைசி இரண்டு வாரமும் அறையில் அட்டைப்பெட்டி கட்டும் வேலைதான் நடந்ததாம். கோடாலித் தைலம், பால்பவுடர், கம்பளி, எனக்கு ஒரு கால்குலேட்டர். முப்பது கிலோவைத் தாண்டிவிடக் கூடாதே என்று நான்கு முறை பிரித்து நான்கு முறை கட்டியிருக்கிறார். புறப்படுவதற்கு முந்தின நாள் ஆபீசில் கூப்பிட்டு, அரபியில் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். கடைசி மாதச் சம்பளமும் அதற்கு மேல் 2,000 ரியாலும் டிக்கெட்டும் கொடுத்தார்கள். எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்பதுதான் அந்தத் தாள்.

சவூதி தொழிலாளர் சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனியே அனுப்பினால் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் முழு மாதச் சம்பளம் பணிக்கொடை. அப்பாவின் சம்பளம் 1,400 ரியால். எட்டு வருடம். 700 பெருக்கல் 5, அதோடு 1,400 பெருக்கல் 3. மொத்தம் 7,700 ரியால். வந்தது 2,000. மிச்சம் 5,700, அப்போதைய மதிப்பில் சுமார் ஒன்றேகால் லட்சம் ரூபாய். வேலை முடிந்து 12 மாதம் தாண்டினால் அங்கே வழக்கும் எடுக்க மாட்டார்கள். நான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அந்தக் கெடு போய்விட்டது. "உசுரோட வந்துட்டேன்ல, விடு தம்பி" என்றார் அப்பா. எனக்கு விட மனமில்லை. திரும்பி வந்தவர்கள் எல்லோரும் இப்படி விட்டு விட்டுத்தான் அடுத்து போகிறவனுக்கும் இதே தாள் காத்திருக்கிறது.

"அவர் படிக்காதவர். நாம டிப்ளமோ. நம்மள ஏமாத்த முடியுமா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் தலைகீழாக இருக்கிறது, நண்பர்களே! பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின்படி அவர் அரசிடம் அனுமதி பெற வேண்டும். அவருடைய வேலை ஒப்பந்தம் அரசின் பார்வைக்குப் போகிறது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டி இன்சூரன்சும் எடுத்தே ஆக வேண்டும். (அப்படியிருந்தும் அப்பாவுக்கு நடந்தது இதுதான்!) பத்தாம் வகுப்பு தேறிய நாம் ஈ.சி.என்.ஆர். அந்த அனுமதி நமக்குத் தேவையில்லை. இதைப் பெருமையாகப் பேசுகிறோம். நம் ஒப்பந்தத்தை நம்மைத் தவிர ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அந்த ஒப்பந்தத்தில் என்ன பார்ப்பது? துபாய்க்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஐக்கிய அரபு எமிரேட்சில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒரு வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடங்களில் ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் சம்பளம். ஆனால் மொத்தச் சம்பளத்தில் அல்ல, அடிப்படைச் சம்பளத்தில்! 1,500 திர்ஹாம் என்று ஏஜெண்ட் சொல்வார். தாளில் அடிப்படை 800, மற்றது அலவன்ஸ் என்று இருக்கும். ஐந்து வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால் 2,800 திர்ஹாம்தான். 1,500ம் அடிப்படையாக இருந்திருந்தால் 5,250. கையெழுத்துப் போடும் அன்று கண்ணில் படாத ஒரு வரி, திரும்பும் அன்று பாதிப் பணத்தைத் தின்றுவிடுகிறது. பாக்கி எல்லாவற்றையும் 14 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. விமானம் ஏறிய பிறகு அங்கே போய்க் கேட்பது யார்? பணம் வராமல் வந்தே தீர வேண்டிய நிலை என்றால், நம்பிக்கையான ஒருவருக்கு வழக்கு நடத்த அதிகாரப் பத்திரம் எழுதித் தூதரகத்தில் சான்று வாங்கிவிட்டுத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும்.

இன்னொன்று, பணத்தைவிட நமக்கு முக்கியமானது: அனுபவச் சான்றிதழ். இந்த இரண்டு நாட்டுச் சட்டத்திலும் கேட்டால் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். அப்பா எட்டு வருடம் கம்பி கட்டினார். கட்டினார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இங்கே கட்டடக் கான்ட்ராக்டரிடம் புது ஆள் கூலிக்குத்தான் போகிறார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வெளியே போனவர்களுக்காக 1996லேயே நோர்கா என்று தனித் துறை வைத்தார்கள். நம் பக்கமும் அயலகத் தமிழர் தினம் கொண்டாடப்பட்டிருக்கிறது. மேடையும் மாலையும் இருக்கட்டும், குறை சொல்லவில்லை. கோட்டை செய்வதற்குக் காத்திராமல் நம் மாணவர் மன்றமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டுவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறோமே, அதோடு ஒரு சனிக்கிழமை ஒப்பந்தத் தாளைப் படிக்கவும் கற்றுக்கொடுக்கலாம். ஒரு மாதிரி ஒப்பந்தத்தை நூலகத்தில் வைக்கலாம். பாடம் நடத்த வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டாம். இந்த ஊரிலேயே தெருவுக்கு நான்கு பேர் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "காலேஜ்ல வந்து நான் என்னத்த பேசுறது" என்று முதலில் கூச்சப்பட்டார், அப்புறம் சரி என்றார். அந்த அரபித் தாளின் நகலையும் எடுத்து வருவார். மன்றச் செயலாளர் தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் கூலி போகும், அதற்கேற்ப வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும்.